"அடுத்த பாகத்தில் தெரிந்துவிடும்": மர்மத் தொடர்கள் நம்மைப் பிடித்து வைப்பது எப்படி?

இரவு இஷா தொழுது, சாப்பிட்டு, பாத்திரங்களை ஒதுக்கி வைத்த பிறகு "ஒரே ஒரு எபிசோடு" என்று ஆரம்பிக்கிறோம். கொலை நடந்துவிட்டது. யார் செய்தது என்று தெரியவில்லை. சந்தேகம் விழுந்த ஆள் அந்த எபிசோடின் கடைசி நிமிடத்தில் பிணமாகக் கிடக்கிறான். திரையின் ஓரத்தில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்கள் இறங்குகின்றன. கை ரிமோட்டைத் தேடுவதற்குள் அடுத்தது ஓடத் தொடங்கிவிடுகிறது. மணி ஒன்றரை. பஜ்ருக்கு இன்னும் மூன்றரை மணி நேரம்தான் இருக்கிறது.

இன்று நம் சமுதாயக் குடும்பங்களில் இது அரிதான காட்சி அல்ல. சீரியல் என்றால் வீட்டுப் பெண்களின் பழக்கம் என்று பயான்களில் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஏழு மணி சீரியலைக் கேலி பேசும் ஆண்களில் பலர் போர்வைக்குள் செல்போனை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை துப்பறியும் வெப் சீரிஸ் பார்க்கிறார்கள். கல்லூரி செல்லும் பிள்ளைகள் கொரியத் தொடர்களில் இருக்கிறார்கள். ஆகவே இது யாரோ ஒருவருடைய பலவீனம் அல்ல. நம் எல்லாருடைய வீட்டிலும் நுழைந்துவிட்ட ஒரு விஷயம்.

சினிமா, நாடகம் பார்ப்பதன் மார்க்கச் சட்டம் என்ன என்பதை இங்கே நாம் விவாதிக்கவில்லை. அதை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவதே முறை. நாம் எடுத்துக்கொள்வது வேறொரு கேள்வி. "இத்தோடு போதும்" என்று முடிவெடுத்த, அறிவுள்ள, தொழுகையாளியான ஒருவரைக்கூட எழுந்து போகவிடாமல் ஒரு கதை எப்படிப் பிடித்து வைக்கிறது? அது தெரிந்தால்தான் அதிலிருந்து கையை விடுவித்துக்கொள்ளும் வழியும் தெரியும்.

முடிக்காத வேலையின் அரிப்பு

1920களில் ஜெர்மனியின் பெர்லின் பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின் என்ற உளவியல் பேராசிரியரிடம் புளூமா ஸைகார்னிக் என்ற மாணவி ஆய்வு செய்தார். உணவகத்தில் பணியாளர் ஒருவர், பணம் கொடுக்காத மேசையின் கணக்கை மனதில் அப்படியே வைத்திருந்தார், பணம் வந்த கணமே அதை மறந்துவிட்டார் என்பதைக் கண்டுதான் இந்த ஆராய்ச்சி தொடங்கியது என்று சொல்வார்கள். ஸைகார்னிக் ஆட்களுக்குச் சிறு சிறு வேலைகளைக் கொடுத்து, சிலவற்றைப் பாதியில் நிறுத்தினார். பாதியில் நின்ற வேலைகளே அவர்கள் நினைவில் அதிகம் தங்கின என்று 1927ல் எழுதினார். பின்னாளில் மற்றவர்கள் செய்து பார்த்தபோது இந்த நினைவு விஷயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வரவில்லை. ஆனால் அதே ஆய்வுக்கூடத்தில் மரியா ஓவ்சியாங்கினா என்ற இன்னொரு மாணவி கண்டது இன்றும் உறுதியாக நிற்கிறது. பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலேயே அந்த வேலையை மறுபடி எடுத்து முடிக்க முனைந்தார்கள். கூலி இல்லை, பரிசு இல்லை. முடிக்காமல் கிடக்கிறதே என்ற ஒன்றுதான் காரணம்.

மர்மத் தொடர் எழுதுகிறவர் செய்வது இதைத்தான். ஒரு வேலையை நம் மனதில் தொடங்கி வைத்துவிட்டு, முடிக்காமல் எழுந்து போய்விடுகிறார்.

1994ல் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்கு இன்னும் தெளிவான விளக்கம் சொன்னார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்தால் அது மனதில் அரிப்பாக மாறும் என்பது அவர் கருத்து. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் நமக்கு ஆர்வம் வராது. பாதி தெரிந்தால்தான் அரிக்கும். அதனால்தான் மர்மத் தொடர்களின் முதல் எபிசோடு நிறையத் தகவல்களைக் கொட்டுகிறது. பிணம், ஊர், குடும்பம், பழைய பகை, பூட்டிய அறை எல்லாம் காட்டப்படும். ஒன்றே ஒன்று மட்டும் மறைக்கப்படும்.

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஒரு மேசையை வைத்து விளக்கியது பிரபலம். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரியாமல் அது வெடித்தால், அது சில வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது எப்போது வெடிக்கும் என்பதும் நமக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அதே காட்சி கால் மணி நேரம் நம்மைப் பதற வைக்கும். நம் ஊர் தினசரி சீரியல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மருமகளுக்கு எதிராக நடக்கும் சதி நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "அவளிடம் யாராவது சொல்லிவிட மாட்டார்களா" என்று ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறோம். வெப் சீரிஸ்கள் முதல் வகையையும் இரண்டாம் வகையையும் மாற்றி மாற்றிக் கலக்கின்றன.

வாரம் ஒருமுறை காத்திருந்த காலம்

கதையை நடுவில் அறுத்துக் கேட்பவரைக் காத்திருக்க வைப்பது புதிய தந்திரம் அல்ல. ஆயிரத்தொரு இரவுகள் கதையில் ஷஹ்ரஸாத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதே விடியும் நேரத்தில் கதையைப் பாதியில் நிறுத்தித்தான். தமிழில் பல தலைமுறைகள் வார இதழ்களின் "தொடரும்" என்ற ஒரு சொல்லோடு வளர்ந்தவை. தொலைக்காட்சி வந்த பிறகு 1990களில் சன் டிவியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரத்துக்கு ஒருநாள் வந்தது. அந்த ஒருநாளுக்காக வீதியே காத்திருந்ததை நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் 'டல்லாஸ்' என்ற தொடரில் 1980 மார்ச் 21 அன்று முக்கியப் பாத்திரம் ஒன்று சுடப்பட்டது. யார் சுட்டது என்பதை அந்த ஆண்டு நவம்பர் 21 அன்றுதான் சொன்னார்கள். எட்டு மாதம்! நடிகர்களின் வேலைநிறுத்தமும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம். பதில் வந்த இரவில் சுமார் 8 கோடியே 30 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இடைவெளி. ஆர்வம் இருந்தது, ஆனால் எட்டு மாதமும் மக்கள் தூங்கினார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளைகளைக் கவனித்தார்கள். கதை தன் நேரத்துக்கு வந்து தன் நேரத்துக்குப் போனது. நிறுத்தும் வேலையைத் தொலைக்காட்சி நிலையமே செய்தது. நம் மனவுறுதியை யாரும் சோதிக்கவில்லை.

2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' தொடரின் 13 பாகங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியும் அந்தக் காலத்திலேயே பரவியது. நிறுத்தும் பொறுப்பு நிலையத்திடமிருந்து நம் கைக்கு வந்தது, அதுவும் இரவு பன்னிரண்டு மணிக்கு, களைத்துப்போன மனிதனின் கைக்கு. இரண்டே ஆண்டுகளில், ஒரே அமர்வில் பல பாகங்களைப் பார்த்துத் தீர்ப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை 2015ன் சொல்லாகக் காலின்ஸ் அகராதி தேர்ந்தெடுத்தது. அதே நெட்ஃபிளிக்ஸின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017ல், தங்கள் போட்டியாளர்களைப் பற்றிப் பேசும்போது, தாங்கள் தூக்கத்தோடு போட்டியிடுவதாக வெளிப்படையாகவே சொன்னார். விற்பவரே சொல்லிவிட்டார். வாங்குகிற நாம்தான் "சும்மா பொழுதுபோக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

போட்டி எதனோடு?

நம் வீடுகளில் அந்தப் போட்டி தூக்கத்தோடு மட்டும் நிற்பதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022ல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' என்ற தமிழ் மர்மத் தொடர் 8 பாகங்கள். ஒரு பாகத்துக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலே ஆறு மணி நேரம். இரவு பத்துக்கு ஆரம்பித்து விடாமல் பார்த்தால் முடிவது விடிகாலை நான்கு மணிக்கு. அதன் பிறகு பஜ்ர் வரை விழித்திருக்கலாம் என்று படுக்கிறவர் எழுந்திருப்பது எட்டு மணிக்கு.

தினசரி சீரியலின் கணக்கு வேறு மாதிரி. அரை மணி நேரம்தானே என்று தோன்றும். தினமும் இரண்டு சீரியல், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வாரம் ஆறு மணி நேரம். ஆண்டுக்கு 300 மணி நேரத்தைத் தாண்டும். நேரத்தின் அளவைவிட அது விழும் இடம்தான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது. தமிழ்த் தொலைக்காட்சிகளின் முக்கியமான நேரம் மாலை ஆறரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை. மஃரிபும் இஷாவும் அதற்குள்தான் வருகின்றன. ஒரு காலத்தில் மஃரிப் பாங்கு சொன்னால் வீட்டில் விளக்கேற்றி, பிள்ளைகளை உட்கார வைத்து, யாசீன் ஓதும் சத்தம் தெருவுக்குக் கேட்டது. அந்த நேரத்தை இன்று விளம்பர இடைவேளையின் நீளம் முடிவு செய்கிறது. மஃரிபை விளம்பரத்துக்குள் அடக்கித் தொழுபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து நிமிடத் தொழுகையில் மனம் எங்கே நிற்கும்? முடிக்காத வேலை நினைவில் முட்டிக்கொண்டே இருக்கும் என்று மேலே பார்த்தோமே, அது தக்பீர் கட்டியதும் நின்றுவிடாது.

நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் தூங்குவதையும் இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதையும் வெறுத்தார்கள் என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. முஸ்லிம்களின் காரியங்களைப் பற்றி அபூபக்ர் (ரலி) அவர்களோடு நபியவர்கள் இரவில் பேசிக்கொண்டிருந்ததும் திர்மிதியில் வருகிறது. ஆகவே விருந்தினர், குடும்பம், கல்வி, சமுதாயக் காரியம் போன்றவற்றுக்கு இதில் விலக்கு உண்டு என்று அறிஞர்கள் விளக்கினார்கள். பேச்சுக்கே இந்த அளவு என்றால், நிறுத்த முடியாதபடி வடிவமைக்கப்பட்ட ஒன்றைப் படுக்கையில் கையில் வைத்துக்கொள்வதை என்னவென்று சொல்வது? தூங்குகிறவரின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுகள் போடுகிறான் என்ற ஹதீஸை நாம் மக்தபிலேயே படித்திருக்கிறோம். இரண்டு மணிக்குத் தூங்கியவருக்கு அந்த முதல் முடிச்சை அவிழ்ப்பதே பெரும்பாடு.

மர்மமே கூடாதா?

இங்கே நம்மில் சிலர் ஒரு தவறான முடிவுக்குப் போகிறார்கள். கதையும் திகிலும் எதிர்பார்ப்பும் மார்க்கத்துக்கு விரோதமானவை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். பிள்ளை உடனே முடிவு செய்கிறது: சுவையானது எல்லாம் அங்கே, சலிப்பானது எல்லாம் இங்கே. உண்மை அப்படியா?

சூரா யூசுஃபை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது வசனத்தில் ஒரு சிறுவர் தாம் கண்ட கனவைத் தந்தையிடம் சொல்கிறார். பதினோரு நட்சத்திரங்கள், சூரியன், சந்திரன். அந்தக் கனவின் பொருள் நூறாவது வசனத்தில்தான் கண்முன் நிறைவேறுகிறது. இடையில் கிணறு, இரத்தம் பூசிய சட்டை, அடிமைச் சந்தை, பூட்டிய கதவுகள், சிறை, அரசனின் கனவு. பிறகு தானியம் வாங்க வந்த சகோதரர்கள் எகிப்தின் அதிகாரிக்கு முன் நிற்கிறார்கள். அவர் யார் என்று நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தம்பியின் மூட்டையில் அளவுக் குவளை இருப்பதும் நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சோதனை தொடங்குகிறது, மற்றவர்களின் மூட்டைகள் முதலில் பிரிக்கப்படுகின்றன. மேசைக்கு அடியில் குண்டு என்று ஹிட்ச்காக் விளக்கினாரே, அந்த நிலையில்தான் நாம் அங்கே நிற்கிறோம். இந்த வரலாற்றைத்தான் அல்லாஹ் மிக அழகிய வரலாறு என்று அதே சூராவின் மூன்றாம் வசனத்தில் அறிமுகப்படுத்துகிறான்.

வெள்ளிக்கிழமை தோறும் ஓதும் சூரா கஹ்ஃபில் இதற்கு நேர்மாறான அமைப்பு இருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் ஹிள்ர் (அலை) அவர்களோடு புறப்படுகிறார்கள். ஏழைகள் ஏற்றிக்கொண்ட படகு சேதப்படுத்தப்படுகிறது. ஒரு சிறுவன் கொல்லப்படுகிறான். சோறு போட மறுத்த ஊரில் இடிந்து விழவிருந்த சுவர் கூலியின்றிச் சரி செய்யப்படுகிறது. ஏன்? மூஸா (அலை) அவர்களுக்கும் தெரியவில்லை, ஓதுகிற நமக்கும் தெரியவில்லை. மூன்று முறையும் அவர்களால் கேட்காமல் இருக்க முடியவில்லை. பிரியும் நேரத்தில்தான் மூன்றுக்கும் பதில் வருகிறது. இந்த வரலாற்றைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், மூஸா பொறுமையாக இருந்திருந்தால் இன்னும் பல செய்திகள் நமக்குக் கிடைத்திருக்குமே என்று ஆசைப்பட்டார்கள் என்ற செய்தியும் புகாரியில் இருக்கிறது. அடுத்தது என்ன என்று அறியும் ஆசை மனித இயல்பு. அதை அடக்கி ஒழிக்க நம் மார்க்கம் சொல்லவில்லை.

வித்தியாசம் எங்கே என்றால், குர்ஆன் நம்மை விட்டுவிடும் இடத்தில். குகைவாசிகள் மூவரா, ஐவரா, எழுவரா என்று மக்கள் சர்ச்சை செய்வார்கள் என்று 18:22 வசனம் சொல்கிறது. எண்ணிக்கையை இறைவனே நன்கறிவான், மேலோட்டமாக அன்றி அதில் வாதம் செய்ய வேண்டாம், யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறது. ஒரு வெப் சீரிஸ் எழுத்தாளர் கையில் இது கிடைத்திருந்தால் அந்த எண்ணிக்கையை வைத்தே மூன்று சீசன் ஓட்டியிருப்பார். பயனில்லாத கேள்வியைத் திறந்தே வைத்திருந்தால்தான் அவருக்கு வியாபாரம். சூரா யூசுஃபை நிதானமாக ஓதினாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 111 வசனங்கள். பிறகு நாம் எழுந்து நம் வேலையைப் பார்க்கலாம்.

மக்காவில் நள்ர் இப்னு ஹாரிஸ் செய்ததையும் இங்கே நினைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் குர்ஆனை ஓதிவிட்டு எழுந்து சென்றதும், அதே இடத்தில் உட்கார்ந்து பாரசீக மன்னர்கள், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளைச் சொல்லத் தொடங்குவான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 31:6 வசனத்தின் விளக்கத்தில் அவன் பெயரைக் குறிப்பிடும் விரிவுரையாளர்கள் உண்டு. கூட்டத்தைக் கலைக்க அவன் வாளை எடுக்கவில்லை, கதையை எடுத்தான்.

கதையோடு சேர்ந்து வருபவை

தமிழ் மர்மத் தொடர்களில் பாதிக்கு மேல் மாந்திரீகம், குறி சொல்லுதல், சாமியாட்டம், ஆவி, ஜாதகம் இல்லாமல் நகர்வதில்லை. முடிவில் "எல்லாம் மனிதன் செய்ததே" என்று ஒரு விளக்கம் வரும். ஆனால் அதற்கு முந்தைய ஐம்பது எபிசோடும் குறிகாரர் சொன்னது பலிக்கும். குறிகாரனிடம் சென்று ஒன்றைக் கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகளுக்கு ஏற்கப்படாது என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸ் எச்சரிக்கிறது. அப்படிப்பட்டவரை மாதக்கணக்கில் நம் கூடத்தில் உட்கார வைத்து, அவர் சொல்வது நடக்கிறதா என்று நாமும் பிள்ளைகளும் எதிர்பார்த்திருக்கிறோம். அகீதாவில் இது எந்த அளவு அரிக்கும் என்பதைப் பெற்றோர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே நம் எண்ணம்.

இன்னொன்று சந்தேகம். மர்மக் கதையின் விதியே எல்லாரையும் சந்தேகப்படு என்பதுதான். சிரிப்பவனைச் சந்தேகி, உதவி செய்பவளை அதிகமாகச் சந்தேகி. ஒரு கதையோடு முடிந்தால் பரவாயில்லை. வருடம் முழுவதும் அதே பயிற்சி நடந்தால், மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினாலும் பின்னணி இசை கேட்கத் தொடங்கிவிடும். சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற கருத்தில் வரும் 49:12 வசனத்தைக் குடும்ப நீதிக்கு அடிப்படையாக வைத்திருக்கும் சமுதாயம் நாம்.

"இது இஸ்லாமியத் தொடர்தானே?"

துருக்கியின் 'எர்துக்ருல்' தொடரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2014 டிசம்பரிலிருந்து 2019 மே வரை ஐந்து சீசன்களாக 150 பாகங்கள் வந்தன. 2020 ரமளானில் பாகிஸ்தான் தொலைக்காட்சி உருது மொழியில் ஒளிபரப்பத் தொடங்கிய பிறகு நம் பகுதிகளிலும் அலை வீசியது. ஆபாசம் இல்லை, பாங்கு கேட்கிறது, துஆ கேட்கிறது, நம் வரலாறு என்று மகிழ்ந்தவர்கள் பலர். அந்த மகிழ்ச்சியில் நியாயமும் உண்டு. பிள்ளைகளுக்கு வரலாற்றின் மீது ஆர்வம் வந்ததையும் மறுக்க வேண்டியதில்லை. என்றாலும் அது வரலாற்றை எடுத்துக் கற்பனையில் விரித்த நாடகம். அதன் கதையோட்டமும் முழுக்க மர்மத் தொடரின் உத்திதான்: கூடாரத்துக்குள் துரோகி யார், கைதி தப்புவாரா, கத்தி இறங்கும் கணத்தில் "தொடரும்". துருக்கியில் ஒளிபரப்பான வடிவில் ஒரு பாகம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மொத்தம் சுமார் 300 மணி நேரம். ஒரு ஜுஸ்வு நிறுத்தி நிதானமாக ஓத ஒரு மணி நேரம் என்று வைத்தால், பத்துக் கத்தம் முடிக்கும் நேரம் அது.

அரபு நாடுகளில் ரமளானுக்கென்றே முப்பது இரவுக்கு முப்பது பாகங்களாகத் தொடர்கள் தயாரிக்கப்படுவதை வளைகுடாவில் பணியாற்றும் நம் சகோதரர்கள் நன்கு அறிவார்கள். இஃப்தார் முடிந்து தராவீஹுக்குப் புறப்படும் அந்த நேரத்தில்தான் பல தொடர்களும் வரிசை கட்டி நிற்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்

ரிமோட்டைப் பிடுங்குவதால் தீராது. பிடுங்கினால் பாதியில் நின்ற கதையின் அரிப்பு இன்னும் கூடும். பிள்ளை வேறு வீட்டில், வேறு செல்போனில் முடித்துவிட்டு வரும்.

முதலில் செய்யக்கூடியது எளிது. நெட்ஃபிளிக்ஸ் போன்ற செயலிகளின் அமைப்புப் பகுதியில், அடுத்த பாகம் தானாக ஓடுவதை நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. அதை இன்றே அணைத்துவிடுங்கள். சும்மா இருந்தாலே ஓடும் என்ற நிலை மாறி, கை நீட்டினால்தான் ஓடும் என்றாகிவிடும்.

இரண்டாவது, எங்கே நிறுத்துவது என்பது. நாம் எல்லாரும் "இந்த எபிசோடு முடியட்டும்" என்கிறோம். அதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். தூண்டில் முள் எபிசோடின் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. அந்த முடிச்சு பெரும்பாலும் அடுத்த பாகத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் அவிழ்ந்துவிடும், பிறகு கதை சற்று ஆறும். ஆகவே பாகத்தின் நடுவில், கதை ஆறியிருக்கும் இடத்தில் நிறுத்தினால் மனம் அவ்வளவு இழுக்காது. சொன்னால் சாதாரணமாகத் தெரியும், செய்து பார்த்தால் வேலை செய்கிறது.

முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் ஒரு வழி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் சிறுகதைகளை வைத்துச் செய்த ஆய்வில், முடிவை முன்பே அறிந்தவர்களுக்குக் கதையின் ரசனை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது என்று 2011ல் வெளியிட்டார்கள். முடிவு தெரிந்த பிறகும் பார்க்கத் தோன்றினால் அந்தக் கதையில் ஏதோ இருக்கிறது. முடிவு தெரிந்ததும் சப்பென்று ஆகிவிட்டால், நம்மை இழுத்தது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். தினசரி சீரியலுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து பாருங்கள். பக்கத்து வீட்டு ராத்தா பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்.

பார்ப்பதாக இருந்தால் தொடங்கும் முன்பே எத்தனை பாகம், எத்தனை மணி நேரம் என்று பார்த்துக்கொள்வது, படுக்கையறையில் செல்போனில் அல்லாமல் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது பார்ப்பது, இஷாவுக்குப் பின் புதிய பாகம் இல்லை என்று வீட்டுக்கொரு விதி வைப்பது ஆகியவையும் உதவும். அந்த விதி அத்தாவுக்கும் சேர்த்துத்தான். பிள்ளைகளுக்கு மட்டும் சட்டம் போட்டால் ஒரு வாரம்கூட நிற்காது.

வயதான நன்னிமார்கள் விஷயத்தில் கொஞ்சம் மென்மை வேண்டும். ஒரு மகன் சவூதியில், ஒரு மகன் சென்னையில், மகள் புகுந்த வீட்டில். பகல் முழுவதும் பேச ஆளில்லாத வீட்டில், தினமும் அதே நேரத்துக்கு வந்து முகம் காட்டிப் போகிறவர்கள் அந்த சீரியல் மனிதர்கள்தான். "இந்த வயசிலயும் நாடகமா?" என்று போனில் கடிந்துகொள்ளும் மகன், அந்த ஏழரை மணிக்குத் தினமும் ஒரு வீடியோ கால் செய்தால் தொலைக்காட்சி தானாக அணையும். அணையாவிட்டாலும் சத்தமாவது குறையும்.

சிறு பிள்ளைகளுக்குக் கதை வேண்டும். கொடுக்காமல் மறுக்க மட்டும் செய்தால் அவர்கள் திரையைத்தான் தேடுவார்கள். ரமளானின் ஜகாத் தானியத்துக்கு அபூஹுரைரா (ரலி) காவல் இருந்த சம்பவம் புகாரியில் இருக்கிறது. இரவில் ஒருவன் வந்து தானியத்தை அள்ளுகிறான், பிடிபடுகிறான், ஏழை என்று கெஞ்சித் தப்புகிறான். காலையில் நபி (ஸல்) அவர்கள், அவன் பொய் சொன்னான், மீண்டும் வருவான் என்கிறார்கள். அப்படியே மறுநாள் இரவும் வருகிறான், மூன்றாம் இரவும் வருகிறான். இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடாதீர்கள். முதல் இரவில் "அவன் மறுபடி வருவான்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு விளக்கை அணையுங்கள். இரண்டாம் இரவில் அவன் மறுபடி கெஞ்சித் தப்பும் இடத்தில் நிறுத்துங்கள். அவன் யார் என்பதையும், தப்பிக்க அவன் சொல்லிக்கொடுத்த ஆயத்துல் குர்ஸியையும் மூன்றாம் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் இரண்டு பகலிலும் "அந்தத் திருடன் யாரும்மா?" என்று பிள்ளை பின்னாலேயே சுற்றும். சொல்லிவிடாதீர்கள்.